பட்டாளத்துக்காரரைக் காட்டுக்குக் கூட்டிப்போன கதை

கிட்ட வந்து உட்காருங்க. எனக்குச் சத்தமாப் பேச வராது. இருபத்தெட்டு வருஷம் காட்டில் வேலை செஞ்சவனுக்குக் குரல் தானா இறங்கிடும். அந்தத் தொழிலில் நான் தெரிஞ்சுக்கிட்டது ஒண்ணுதான்: காடு தெரியாத ஆளைக் கூட்டிப் போறது சுலபம், காடு தெரிஞ்ச ஆளைக் கூட்டிப் போறதுதான் உயிரை வாங்கும்.

என் படிப்பு ஆறாம் வகுப்போடு சரி. அப்புறம் சர்வே கும்பலில் ரெந்திஸ் வெட்டுற வேலை. நிலம் அளக்கிறவர் கருவியை நிறுத்திக் கண்ணை வச்சுப் பார்க்க, அவர் பார்வைக்கு முன்னால் நூல் பிடிச்ச மாதிரி காட்டை வெட்டி வழி விடணும். கையில் பாராங் கத்தி, காலில் அட்டை, இதுதான் என் உத்தியோகம். வயசாகி கிள்ளானில் மகன் வீட்டில் சும்மா உட்கார்ந்து மருமகள் வாயில் விழுந்துக்கிட்டு இருந்தப்போ, ரிட்டயரான மலாய்க்கார மேஜர் ஒருத்தர் தேடி வந்தார். பட்டாளத்தை விட்டு வந்தவங்களை, அவங்க குடும்பத்தோட உலு லங்காட் காட்டுக்குக் கூட்டிப்போய் ரெண்டு நாள் வச்சிருக்கப் போறாராம். நெருப்பு மூட்டுறது, கூரை கட்டுறது, மூங்கிலில் சோறு ஆக்குறது எல்லாம் நான் சொல்லிக் கொடுக்கணுமாம். எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. துவான், அவங்களுக்குத் தெரியாத காடா, நான் போய் என்னத்தைச் சொல்லிக் கொடுக்கிறதுன்னு கேட்டேன். அவர் சிரிக்கலை.

"அங்கிள், அவங்களுக்குக் காட்டுல சண்டை போடத் தெரியும். காட்டுல சும்மா இருக்கத் தெரியாது."

வீட்டில் ரிட்டயரான ஆள் ஒருத்தரை வச்சிருக்கிறவங்களுக்கு இதுக்கு மேலே நான் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. காடு வேணாம், ஹாலிலேயே தெரிஞ்சிருக்கும்.

மூணு தடவை அணைஞ்ச நெருப்பு

முதல் கேம்ப். எட்டுக் குடும்பம். மழை விட்ட காலை, விறகெல்லாம் ஈரம். காஞ்ச மூங்கிலைச் சுரண்டிப் பூவாக்கி, நடுவில் ஒரு துண்டு டாமார் வச்சுக் கொளுத்திக் காட்டினேன். டாமார்ங்கிறது காட்டு மரத்துப் பிசின், நனைஞ்சாலும் எரியும். நெருப்பு நல்லாப் பிடிச்சுது. கேத்தலை எடுத்துக்கிட்டு ஆத்துக்குப் போய் வந்தா நெருப்பு இல்லை. மறுபடி மூட்டிட்டு, பொம்பளைங்களுக்குக் கன்வாஸ் கட்டிக் காட்டப் போனேன். திரும்பி வந்தா மறுபடியும் இல்லை. மூணாவது தடவை மூட்டிட்டு, போற மாதிரிப் போய் ஒரு மரத்துக்குப் பின்னால் நின்னேன்.

வந்தது சார்ஜன் சூசை. கிள்ளான்காரர். இருபத்தொன்பது வருஷம் சர்வீஸ். பட்டாளத்தை விட்டு வந்து மூணு வருஷம் ஆகுது, இப்போ ஒரு தொழிற்சாலை கேட்டில் ஜாகா வேலை, காவல்தான். மனுஷன் சுத்துமுத்தும் பார்த்தார், பூட்ஸ் காலால் மண்ணைத் தள்ளி மூடினார், மேலே ரெண்டு இலையைத் தூவினார். அந்த இடத்தில் நெருப்பே எரிஞ்சதில்லைன்னு கோயிலில் சத்தியம் பண்ணலாம், அவ்வளவு சுத்தம். தான் என்ன செஞ்சோம்னு அவருக்கே தெரியலைன்னு நினைக்கிறேன். ஏன்னா அடுத்த நிமிஷம் என்கிட்ட வந்து, தேத்தண்ணி ஆச்சா அண்ணேன்னு கேட்டார்.

அவர் வீட்டம்மா ரெஜினா ஒரு ஓரமா நின்னு இதைப் பார்த்துக்கிட்டுதான் இருந்திருக்காங்க. அவர் நகர்ந்ததும் என் பக்கத்தில் வந்து மெதுவாப் பேசினாங்க. ஜோகூரில் மகளுக்குக் குழந்தை பிறந்து ஏழு மாசமாம். வந்து கூட இருங்கன்னு மகள் தினமும் கூப்பிடுதாம். இவர் பேத்தியை இன்னும் நேரில் பார்க்கலை. வரவும் மாட்டேங்கிறார், ஏன்னும் சொல்ல மாட்டேங்கிறார். மேஜர் ரொம்பக் கேட்டுக்கிட்டதால் மூணு கேம்ப் வரேன்னு ஒத்துக்கிட்டாங்களாம். மூணு முடிஞ்சும் மனுஷன் இப்படியே இருந்தா தனியாவே ஜோகூர் போயிடறது, அப்புறம் திரும்பி வரதில்லை. முடிவு பண்ணியாச்சு. சொல்லும்போது அழலை, கோபப்படலை. மண் மூடின இடத்தைத்தான் பார்த்துக்கிட்டு இருந்தாங்க.

"வீட்டுலயும் இதேதான் அண்ணே. நான் லைட்டைப் போடுவேன், அவரு அணைப்பாரு. மூணு வருஷமா மீன் முள்ளைக் கையால தடவித்தான் எடுக்கறேன்."

நூறு பேருக்குச் சமைக்கிறவர்

எங்க கேம்புக்குச் சமையல் ஆறுமுகம். கடற்படைக் கப்பலில் சமையல்காரரா இருந்தவர். கைப்பக்குவத்துக்குக் குறை சொல்ல முடியாது. ஒரே ஒரு குறை, நூறு பேருக்குக் கீழே சமைக்க அவருக்குத் தெரியாது. வெள்ளிக்கிழமை காலையில் செலாயாங் பாசாருக்கு, அந்த மொத்தச் சந்தைக்கு, அவரோடு போறது எனக்குப் பெரிய தண்டனை. இருபது பேருக்கு வெங்காயம் வாங்கப் போனா மூட்டையைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டு நிற்பார். நான் வண்டியிலிருந்து எடுத்து வெளியே வைப்பேன், அவர் மறுபக்கமா உள்ளே வைப்பார். சனிக்கிழமை மத்தியானம் அத்தனை சோத்தையும் பார்த்து எனக்குத்தான் பயமா இருக்கும்.

எல்லாரும் பாயில் உட்கார்ந்தோம். சூசை மட்டும் தட்டை வாங்கிக்கிட்டு ஆத்தோரம் போய் நின்னார். நாலு நிமிஷம். தட்டைக் கழுவிக் கவுத்துட்டார். ரெஜினா அப்போதான் முதல் உருண்டையைப் பிசையறாங்க. ஆறுமுகத்துக்கு முகம் சுருங்கிப் போச்சு. உப்பு கம்மியான்னு போய்க் கேட்டார். சூசை விறைப்பா நின்னு "சிடாப்", ருசியா இருக்குன்னு மலாயில் சொன்னார், அதிகாரிக்குப் பதில் சொல்ற மாதிரி. ஆறுமுகம் விடலை. ராத்திரிச் சாப்பாட்டுக்கு நண்டைப் போட்டார். நண்டை எப்படி நின்னுக்கிட்டு ஓட்டமாச் சாப்பிடறார்னு பார்க்கிறேன்னு என்கிட்ட பந்தயம் வேற. சூசை நின்னுக்கிட்டேதான் சாப்பிட்டார். ஏழு நிமிஷம். ஓடெல்லாம் ஒரு குழியில் புதைச்சு மண்ணும் போட்டாச்சு. ஆறுமுகம் கரண்டியைக் கீழே வச்சுட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"கப்பல் புயல்ல ஆடறப்பகூட ஆளுங்க உட்கார்ந்து சாப்பிட்டாங்க அண்ணே. இந்த மனுஷனுக்கு மட்டும் எந்தப் புயல் அடிக்குதுன்னு தெரியலலா."

இருபத்துமூணு ரிப்பன்

ரெண்டாவது கேம்பில் நான் ஒரு தப்புப் பண்ணினேன். சூசையும் ஒரு தப்புப் பண்ணினார். யார் தப்பு பெரிசுன்னு இன்னைக்கும் எனக்குத் தெரியலை.

கேம்பிலிருந்து அருவிக்கு இருபது நிமிஷ நடை. குடும்பத்து ஆளுங்க தைரியமா நடந்து பழகட்டும்னு, முதல் நாளே வழி நெடுக சிவப்பு ரிப்பன் கட்டி வச்சிருந்தேன். காலையில் எல்லாரையும் வரிசையா விட்டு, நான் முன்னால் போனேன். கடைசியில் ஒரு விவரமான ஆள் வேணுமில்லையா, சூசையைப் பின்னால் வரச் சொன்னேன். அங்கே வந்து சேர்றதுக்கு அவர் மட்டும் கொஞ்சம் நேரம் எடுத்துக்கிட்டார். ஒண்ணுக்குப் போயிருப்பார்னு நினைச்சேன்.

அருவியில் கொஞ்ச நேரம் காலை நனைச்சப்புறம், ரெஜினாவும் ரெண்டு மலாய்க்கார அக்காமாரும் முன்னாடியே கிளம்பி கேம்புக்குப் போறோம்னாங்க, ஆறுமுகத்துக்குக் காய் வெட்டிக் கொடுக்க. ரிப்பனைப் பார்த்துக்கிட்டே போங்க, தப்பவே முடியாதுன்னு நான்தான் அனுப்பி வச்சேன். அவங்க போய்க் கால் மணி நேரம் இருக்கும். சூசை என்கிட்ட வந்தார். ரெண்டு பாக்கெட்டிலும் கையை விட்டு, அழகா மடிச்சு அடுக்கின சிவப்பு ரிப்பனை எடுத்து என் உள்ளங்கையில் வச்சார். எண்ணிப் பார்த்தேன், இருபத்துமூணு. நான் கட்டினது அத்தனையும் இருந்தது. பட்டாளத்தில் கடைசியா வர்றவன் வேலையே அதுதானாம். மிதிபட்ட செடியைக்கூட நிமிர்த்தி விட்டு வந்திருக்கார். மூணு வருஷத்தில் அவர் முகத்தில் அப்படி ஒரு திருப்தியை யாரும் பார்த்திருக்க மாட்டாங்க.

"அண்ணே, பின்னாடி ஒரு தடயம் விடல. இனிமே யாராலும் நம்ம வழியைக் கண்டுபிடிக்க முடியாது."

ஈர விறகுப் புகை

அந்தப் பொம்பளைங்க எந்த வழியாப் போனாங்கன்னு நான் கேட்டதும்தான் அவருக்கு உறைச்சது. ரத்தமெல்லாம் இறங்கின மாதிரி முகம் வெளுத்துப் போச்சு. திரும்பி நடந்தார். நானும் பின்னால் ஓடினேன். கேம்பில் ஆறுமுகம் மட்டும் கத்தியோட காய்க்குக் காத்துக்கிட்டு இருந்தார். யாரும் வரலைன்னார். அதே நேரம் மழையும் பிடிச்சுக்கிச்சு. மேஜர் ஒரு பக்கம் விசில் ஊதறார், நாங்க ஒரு பக்கம் கத்தறோம். மழைச் சத்தத்தில் என் காதுக்கே என் குரல் கேட்கலை. தடம் பார்க்கிறதில் சூசை கெட்டிக்காரர்தான், ஆனா அவரே துடைச்சு எடுத்த காட்டில் எதைப் பார்க்கிறது?

மழை விட்டு அரை மணி நேரம் கழிச்சுத்தான் மூக்கில் புகை ஏறிச்சு. பச்சை இலை கருகுற வாசம். வழி தப்பினா நடக்காதே, உட்காரு, புகை போடுன்னு முதல் கேம்பிலேயே சொல்லிக் கொடுத்திருந்தேன். மத்தவங்க கொட்டாவி விட்டுக் கேட்டதை ரெஜினா மனசில் வச்சிருந்திருக்காங்க. ஒரு பாறைச் சரிவுக்கடியில் மூணு பேரும் நனையாம உட்கார்ந்திருந்தாங்க. முன்னால் நெருப்பு. நான் எல்லாருக்கும் கொடுத்த டாமார் துண்டை முந்தானையில் முடிஞ்சு வச்சிருந்தாங்களாம்.

சூசை எனக்கு முன்னாடியே போய் நின்னுட்டார். நெருப்பைப் பார்த்தார். அவர் கால் தானா மண்ணுப் பக்கம் போறதை நான் கண்ணால் பார்த்தேன். ரெஜினா அசையலை.

"தூக்கின காலைக் கீழ வைங்க. இது நான் மூட்டினது."

கால் கீழே வந்தது. அப்புறம் ஆளும் உட்கார்ந்தார். நெருப்பைப் பார்த்துக்கிட்டே தானாச் சொல்ல ஆரம்பிச்சார். சர்வீஸில் சேர்ந்த புதுசில் ஐ.நா. அமைதிப்படையோட எங்கேயோ ஒரு நாட்டுக்குப் போயிருந்தப்போ, கூட இருந்தவர் விடியற்காலையில் தேத்தண்ணி போட அடுப்பை மூட்டினாராம். வெளிச்சத்தைப் பார்த்துச் சுட்டாங்களாம். ஆள் போனப்புறமும் தண்ணி கொதிக்கிற சத்தம் மட்டும் ரொம்ப நேரம் கேட்டுக்கிட்டே இருந்ததாம். போய் அணைக்க முடியலையாம். அவ்வளவுதான் சொன்னார். மலாய்க்கார அக்காமாருக்குத் தமிழ் தெரியாது, ஆனாலும் ரெண்டு பேரும் தலையைக் குனிஞ்சுக்கிட்டாங்க. ரெஜினா ஒரு குச்சியால் நெருப்பைக் கிளறி விட்டாங்க.

"இருபத்தேழு வருஷமாக் கூட இருக்கறவகிட்ட இதைச் சொல்ல, நான் காட்டுல காணாமப் போகணுமா உங்களுக்கு?"

மேஜரின் ஃபாரம்

மேஜருக்குக் கேம்ப் முடிஞ்சா ஒரு ஃபாரம் இருக்கணும். ரெண்டு வாரம் கழிச்சு பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு வாழை இலைக் கடையில் என்னை உட்கார வச்சு, ஃபாரத்தையெல்லாம் இலைக்குப் பக்கத்தில் பரப்பினார். சூசை வாயைத் திறந்துட்டார், இனிமே கவலை இல்லைன்னு சந்தோஷமா ரசத்தை ஊத்தி அடிச்சார். எனக்கு ரசம் இறங்கலை. முதல் நாள்தான் ரெஜினா போன் பண்ணியிருந்தாங்க. அன்னைக்குப் பேசினதோட சரி, வீட்டுக்கு வந்ததும் மனுஷன் மறுபடி ஊமையாயிட்டாராம். லைட்டும் மறுபடி அணைஞ்சுதான் கிடக்குதாம். மகளுக்கு வர்ற தேதியைச் சொல்லிட்டேன்னு சொன்னாங்க. மேஜரோட கண்ணுக்கு ஒரு தடவை பேசினா குணமாயிடுச்சு. காயத்தைத் திறந்தாச்சுன்னா ஆறிடுச்சுன்னு அர்த்தமா?

சூசையோட ஃபாரத்தில் எல்லாக் கட்டத்திலும் 'நல்லது'ன்னு ஒரே மாதிரி குறி, ரூலர் வச்சுப் போட்ட மாதிரி. ரெஜினாவோட ஃபாரத்தில் ஒரு கட்டத்திலும் குறி இல்லை. கீழே மலாயில் மூணே வரி. மேஜர் ரெண்டு தடவை படிச்சுட்டு, இது நடக்கிற காரியமா, மறுபடி காணாமப் போயிட்டா என்ன பண்றதுன்னு என்னைக் கேட்டார். அவர் படிச்சதை அப்படியே தமிழில் தரேன்.

"என் புருஷனுக்குப் பாதையை அழிக்கத் தெரியும். அடுத்த கேம்ப்ல அவரையே பாதை போடச் சொல்லுங்க. நான் தனியா நடந்து பார்க்கறேன்."

யாருக்குக் கல்யாணம்

மூணாவது கேம்ப், அதாவது கடைசி. ரிப்பன் கட்டு, என் பாராங், ஒரு மண்வெட்டி மூணையும் சூசைகிட்ட கொடுத்தேன். ரெஜினா தனியா நடக்கப் போறாங்கன்னும் சொன்னேன். சரின்னு வாங்கிக்கிட்டார். இருபது நிமிஷ வழி, மனுஷன் மூணு மணி நேரம் எடுத்துக்கிட்டார். கேம்பில் ரெஜினா ஒரு கல்லில் உட்கார்ந்து, உரிச்ச வெங்காயத்தையே மறுபடி உரிச்சுக்கிட்டு இருந்தாங்க. அன்னைக்கு ஆறுமுகம் வாங்கின மூட்டைக்கு நானே நன்றி சொன்னேன்.

அப்புறம் ரெஜினா கிளம்பினாங்க. மனசு கேட்காம, அவங்களுக்குத் தெரியாம நான் தூரத்திலேயே பின்னால் போனேன். வழியை ஒவ்வொரு இடமா நின்னு பார்த்தேன். பத்தடிக்கு ஒரு ரிப்பன். வளைவில் கல்லை அடுக்கி அம்புக்குறி. ஓடை தாண்டுற இடத்தில் கையால் பிடிச்சுக்க ரோத்தான், பிரம்புக் கொடி, கட்டியிருக்கார். வழுக்குற மேட்டில் படி வெட்டியிருந்தார். அந்தப் படியைத்தான் நான் நின்னு பார்த்தேன். எல்லாம் பாதி உயரத்துக்கு வெட்டின குட்டைப் படி. ரெஜினாவுக்கு இடது முட்டி மடங்காது. அவங்க அதை யார்கிட்டயும் சொன்னதில்லை. நானே அவங்க அந்தப் படியில் ஒரு கையை முட்டியில் ஊனி ஏறும்போதுதான் கவனிச்சேன். இருட்டிலேயே இருந்த மனுஷன் அதை எப்போ பார்த்து வச்சார்னு தெரியலை. மேட்டு உச்சியில் அவங்களும் நின்னுட்டாங்க. படியைத் திரும்பிப் பார்த்தாங்க. முந்தானையால் முகத்தைத் துடைச்சுக்கிட்டு மேலே நடந்தாங்க.

அருவியில் சூசை விறைப்பா நின்னு காத்திருந்தார். ரெண்டு பேரும் என்ன பேசினாங்கன்னு எனக்குக் கேட்கலை, தண்ணிச் சத்தம். அந்த நேரம் பார்த்து மலாய்க்கார வன அதிகாரி ஒருத்தர் ரோந்து வந்து சேர்ந்தார். வழியெல்லாம் சிவப்பாத் தொங்கறதை இடுப்பில் கையை வச்சு மேலும் கீழும் பார்த்தார். இன்னைக்கே அத்தனையும் கழட்டணும்னார். அந்த வேலைக்கு எங்ககிட்ட ஆள் இருக்குன்னு நான் சொன்னேன். அவருக்குப் புரியலை.

"யாருக்கு அங்கிள் கல்யாணம்? எனக்குக் கார்டு வரலையே."

கடைசி வரிசை

ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஒவ்வொருத்தரா இறக்கி விட்டுட்டு, கடைசியா நான் ஓட்டின வேனில் சூசையும் ரெஜினாவும்தான். கிள்ளான் பாலம் தாண்டினதும் ரெஜினா முன்னால் சாய்ஞ்சு, வீட்டுக்கு வேணாம் அண்ணே, பஸ் ஸ்டேஷனில் நிறுத்துங்கன்னாங்க. மூணு கேம்ப் முடிஞ்சுது, போறாங்கன்னு நினைச்சேன். கண்ணாடியில் சூசையைப் பார்த்தேன். வெளியே பார்த்துக்கிட்டு இருந்தார். ஏன்னு கேட்கலை, வேணாம்னும் சொல்லலை. இறங்கிப் போய் உலுக்கணும் போல இருந்தது. ஆனா புருஷன் பொண்டாட்டிக்கு நடுவில் நான் யாரு?

ஸ்டேஷனில் ரெஜினா சீட்டுக்கடியிலிருந்து ஒரு பையை இழுத்தாங்க. அப்புறம் இன்னொண்ணு. அதில் சூசையோட சட்டைக் கை ஒண்ணு ஜிப்பில் மாட்டித் துருத்திக்கிட்டு இருந்தது. அவர் அதைப் பார்த்தார். நாளைக்குக் கேட்டில் டியூட்டி இருக்கேன்னு வாய்க்குள்ளேயே சொன்னார். சூப்பர்வைசர்கிட்ட ஒரு வாரம் லீவு கேட்டாச்சுன்னு ரெஜினா சொன்னாங்க. அப்புறம் கைப்பையிலிருந்து டிக்கெட்டை எடுத்து என்கிட்ட காட்டினாங்க. ரெண்டு டிக்கெட். ரெண்டும் கடைசி வரிசை. பின்னால் ஆள் இல்லை, பஸ்ஸோட சுவர்தான். புதன்கிழமையே வாங்கினது. கேம்ப் எப்படி முடியும்னு தெரியாமலேயே வாங்கிட்டீங்களா, அதென்ன கடைசி வரிசைன்னு நான் கேட்டேன். சூசை பையைத் தூக்கிக்கிட்டு முன்னால் நடந்துட்டார், அவருக்குக் கேட்காது.

"சர்ச்சுல கடைசி பெஞ்சைத் தாண்டி வர மாட்டாரு. சினிமாவுக்கு வந்ததே இல்ல. முதுகுக்குப் பின்னாடி ஆள் இருந்தா முடியல அண்ணே அவருக்கு, வாயைத் திறந்து சொல்லவும் முடியல. நானாத்தான் கூட்டிக் கழிச்சுப் புரிஞ்சுக்கிட்டேன். நேத்து அந்தப் பாதை சரியா வராம இருந்தா, ஒரு டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்திருப்பேன்."

பஸ் கதவில் சூசை ரொம்ப நேரம் நின்னார். டிரைவர், பாஸ் ஏறுங்க, நேரமாச்சுன்னு ரெண்டு தடவை சொன்னார். நான் வேனிலிருந்து இறங்கவே இல்லை. அப்புறம் அவர் தலையைக் குனிஞ்சு ஏறினார். கடைசி ஜன்னலில் அவர் முகம் தெரிஞ்சுது, பக்கத்தில் ரெஜினா.

மேஜருக்குப் பின்னால் ஒரு பட்டாளமே இருந்தது, எனக்கு இருபத்தெட்டு வருஷக் காடு இருந்தது, ஆனா சார்ஜன் நடுவழியில் இறங்கிப் போயிடாம அவரை ஜன்னல் பக்கம் தள்ளிட்டு, நடைபாதைப் பக்கத்து சீட்டில் மடங்காத காலை நல்லா நீட்டி உட்காரத் தெரிஞ்சது ரெஜினா ஒருத்தருக்குத்தான்.